பூ உத்தரவு

“சாமி இருக்குதுன்னு நீங்க நம்பறீங்க. இல்லைன்னு எனக்குத் தெரியும். ரெண்டும் ஒண்ணில்லீங்க நைனா!” பீளமேட்டிலிருந்து அன்னூர் கோயில் வரும் வரைக்கும் ரித்விக் இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தான்.

அப்பா திருமலைசாமிக்கு நாளைக்கு இதய ஆபரேஷன். குலதெய்வத்திடம் பூக் கேட்காமல் உடம்பில் கத்தி வைக்கக் கூடாது என்று அம்மா ரங்கநாயகி ஒற்றைக்காலில் நின்றாள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி வைத்துக் கட்ட வேண்டும்; பூசாரி எடுப்பதில் வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். சிவப்பு வந்தால் கூடாது.

ரித்விக் கட்டிக் கொடுத்த இரண்டு பொட்டலங்களும் அம்மன் காலடியில் இருந்தன. பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். நூலை அறுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

திருமலைசாமிதான் முதலில் சிரித்தார்.

“விடு அம்மணி, பூவு எதுவோ வந்துட்டுப் போகுது. பையன் சொல்றதுதான் செரி. டாக்டர் பாத்துக்குவாரு.”

ரங்கநாயகியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “ஆத்தாளைக் கும்பிட்டாச்சு. உங்க நைனாவே துணிஞ்சுட்டாரு, ஆத்தா காப்பாத்துவா. வண்டிய எடு கண்ணு.”

ரித்விக் நகரவில்லை.

“ஆபரேஷன் வேண்டாமுங்க நைனா.”

“ஏங்கண்ணு, உனக்குத்தான் சாமி மேல நம்பிக்கையே இல்லையே?”

“இப்பவும் நம்பலீங்க...” அவன் பூசாரியின் கையையே பார்த்தான்.

பூசாரியின் கையில் கிடந்த நூலில் அவன் போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. எப்படியாவது ஆபரேஷன் நடந்தாக வேண்டும் என்று, காலையில் இரண்டு பொட்டலத்திலும் அவன் வெள்ளை அரளியைத்தான் வைத்துக் கட்டியிருந்தான்.