நாலு எலுமிச்சம்பழம்

புது வண்டியின் நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, கோமளவல்லி தள்ளி நின்று கும்பிட்டாள். "ம், ஏத்துடா கண்ணு!"

ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த பத்தொன்பது வயது மகன் நிரஞ்சன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். வண்டி அசையவில்லை. "சக்கரத்தடியில் ஏதோ இருக்கிறது. நகர மாட்டேன்" என்று வண்டிக்குள்ளிருந்த ஸ்பீக்கர் பேசியது.

"அது பழந்தான், போ!"

"மாட்டேன்."

எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். "ஏனுங்க்கா, உங்க வண்டி கோயில் மாடாட்டமல்ல நிக்குது!"

நிரஞ்சனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, சேஃப்டிய ஆஃப் பண்ணிட்டா ஏறிரும். எனக்கு இன்னும் இருபத்தொண்ணு ஆகலையில்ல, உங்க கட்டைவிரலத்தான் கேக்குது. இந்த ஸ்கிரீன்ல வைங்க."

பழம் நசுங்காமல் வண்டி வாசலைத் தாண்டினால் ஆகாது என்று கோமளவல்லிக்குப் பயம். விரலை நீட்டியேவிட்டாள். "ஆஃப் பண்ணுனா அப்புறம்?"

"அப்புறம் எதுக்கும் நிக்காது. இருநூறுல பறக்கலாம்!"

விரல் பாதியில் நின்றது. அவள் குனிந்து நான்கு பழங்களையும் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

"என்னம்மா, திருஷ்டி கழிக்கோணும்னீங்க?"

"ஒரு எலுமிச்சம்பழத்துக்கே நிக்கற வண்டிடா இது. இதுக்கு மேல என்னத்தக் கழிக்கோணும்? போய்ட்டு வா, சர்பத் போட்டு வெக்கறேன்."