ஒரே ஒரு வாட்டி

வறுத்த வேர்க்கடலை வாசனை மூக்கில் ஏறியதும் அறிவழகன் சமையலறைக்கு ஓடினான்.

“இத ஏன் வூட்டுக்குள்ள கொண்டாந்த? புள்ளைக்கு ஆவாதுன்னு டாக்டர் சொன்னத மறந்துட்டியா?”

“மறக்கல,” என்றாள் தமிழ்நிலா. மிக்சி சூடேறாமலிருக்க நிறுத்தி, ஜாரின் ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். கடலை தன் எண்ணெயைக் கக்கி வெண்ணெயாய்க் குழைந்தது.

“ஸ்கூல்ல பசங்க பிரெட்ல தடவிக்கினு வராங்கம்மா, ஒரே ஒரு வாட்டி குடுன்னு எவ்ளோ கெஞ்சினான்! நான் குடுக்கவேயில்ல.”

பிரெட்டில் விளிம்புவரை தடவி எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அங்கே, போன வருடம் டெங்கு கொண்டுபோன மகனின் படத்துக்கு முன்னால் படையல் இலை விரித்திருந்தது. வடைக்குப் பக்கத்தில் பிரெட்டை வைக்கக் குனிந்தாள்.

அறிவழகனின் பழகிப்போன கை அவளைத் தடுக்க நீண்டது.

“வுடுய்யா,” என்றாள். “இனிமே அது அவன இன்னா பண்ணிடும்?”