கொலுசு மட்டும்

எதிர் கோலியில், அந்த ஒற்றை அறை வீட்டில், நயினாரின் பிணம் கிடக்கிறது. கோமதியம்மாள் வேண்டுமென்றே அடுப்பைப் பற்ற வைத்தாள்.

தாராவியில் அந்த வரிசை முழுக்க, பிணம் எடுக்கும்வரை யாரும் உலை வைக்க மாட்டார்கள். இவள் வீட்டுப் புகை மட்டும் நேரே சாவு விழுந்த அந்தத் துட்டி வீட்டு வாசலுக்குப் போனது. செத்தவரிடம் அப்படி என்ன வீம்போ!

புதிதாகக் குடிவந்த செல்வமேரிக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே வந்து, முகத்தையாவது ஒரு எட்டு பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

"எம் பிள்ள துட்டிக்கு அந்த மனுசன் வந்தாரா? நாலடி தூரம். மூணு வருசமா என்னக் கண்டாலே தலையத் திருப்பிக்கிட்டுப் போனவரு."

அறுபத்திரண்டாம் வருஷ மழைக்காலத்தில் நடந்தது அது. நாலு வயசு மகள் பேச்சிக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்துவிட்டது. புருஷன் அய்யாத்துரை மில்லில் இருந்தான். சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"பிள்ள காலு தொங்குது. மூணு மணி உதுந்த கொலுசு, எனக்கு முன்னால ஆடிக்கிட்டே போகுது. அதையே பாத்துக்கிட்டு ஓடுனேன். ஆஸ்பத்திரி வாசல்ல ஆட்டம் நின்னுபோச்சு. அன்னைக்குக் கொட்டுன மழைகூட ஞாபகமில்ல செல்வம். கொலுசு மட்டும் கண்ணுக்குள்ளயே நிக்கி."

செல்வமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒன்றும் தெரியாமல்தான் கேட்டாள்.

"கொலுசு உங்களுக்கு முன்னால போச்சுன்னா, பிள்ளையத் தூக்கிட்டு ஓடுனது யாருக்கா?"

கோமதியம்மாள் கண்ணை மூடிப் பார்த்தாள். எவ்வளவு யோசித்தும் கொலுசுக்கு மேலே ஒன்றுமே தெரியவில்லை. கை இல்லை, முகம் இல்லை. இத்தனை நாள் இதைத் தானே கேட்டுக்கொள்ளவில்லையே என்று அவளுக்குப் பயமாகிவிட்டது.

பாடைக்குத் தோள் கொடுக்கத் துண்டு எடுக்க வந்த அய்யாத்துரை, அதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"நயினார்தான். வேற யாரு? உனக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அவரு இன்னும் கொஞ்சம் வெரசா ஓடியிருந்தா பிள்ள பொழச்சிருக்கும், அந்தக் கோவத்துலதான் நீ அவருகிட்டப் பேசலன்னு இருந்தேன்."

அவள் ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே அடுப்பில் ஊற்றினாள். வெளியே சங்கு ஒலித்தது. பாடையைத் தூக்கிவிட்டார்கள்.

அய்யாத்துரை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"அவரும் கடைசிவரைக்கும் அப்படித்தான் நெனச்சாரு. அதான் உன் முகத்துல முழிக்காமலே போயிட்டாரு."