மேடம் பார்த்துவிட்டுப் போன கேமரா

“இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் மேடம் மாட்டிக்கிட்டு முழிச்சாங்க சார்” என்று கடைக்காரர் இரண்டு கேமராக்களைக் கண்ணாடி மேசையின் மேல் வைத்தார்.

ஒன்று சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். மற்றது கொஞ்சம் தடி. ஆனால் ஏரியின் அக்கரையில் நிற்கும் நாரையை இக்கரைக்கு இழுத்து வந்துவிடும்.

மேடம் என்றால் அவன் மனைவி.

முந்தின நாள் கடையிலிருந்து அவள் கைபேசிக்கு அழைப்பு வந்தது. எடுத்தவன் அவன். மேடம் ரொம்ப நேரம் படமெடுத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லாமல் போய்விட்டார், இரண்டுமே இப்போது இருக்கிறது என்றார்கள். மேடம் இப்போது இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சும்மா காய்ச்சல் என்று படுத்தவள்தான், எழுந்திருக்கவே இல்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் கிரீசும் கையுமாகக் கிடப்பான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஏரிக்கரை. அவன் கேமரா செங்கல் கனம். பையைச் சுமப்பவள் அவள். பறவையை முதலில் பார்ப்பவளும் அவள்தான். “அதோ” என்று தோளைத் தொடுவாள். அதற்கு மேல் மூச்சு விடக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம்.

வீடு நிறையப் பறவைகள். மீன்கொத்திக்கு மட்டுமே தனியாக ஒரு சுவர்.

அவள் போன பிறகு மாட்டுவதற்கு அவள் படம் ஒன்றைத் தேடினான். உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. ஒரு கொக்குப் படத்தின் ஓரத்தில் அவள் முழங்கை இருந்தது.

“ஊர்ப்பட்ட காக்காவை எல்லாம் எடுத்தீங்களே மாமா, எங்க அக்காவை ஒண்ணு எடுக்கக் கூடாதா?” என்று அவள் தம்பி கேட்டேவிட்டான்.

கடைசியில் அவள் வேலை பார்த்த நூலகத்தின் அடையாள அட்டையைப் பெரிதாக்கி மாட்டினார்கள். அதில் அவள் எதையோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி முழிக்கிறாள். அந்தச் சுவர்ப் பக்கம் போகவே அவனுக்குக் கூசியது.

கடையில் ரொம்ப நேரம் நின்றாள் என்றார்களே. ஜூம் காட்டுகிற சாக்கில் யாராவது அவளை ஒரு படம் எடுத்திருக்க மாட்டார்களா? அந்த ஆசைதான் அவனை இங்கே இழுத்து வந்தது.

“வீட்டுக்காரருக்குத் தெரியவே கூடாதுன்னாங்க சார். அவருக்குத் தோள்பட்டை வலி, கனம் ஆகாது, ஆனா பறவை கிட்ட வரணும். சின்னதை வாங்கினா பறவை கோவிச்சுக்கும், பெருசை வாங்கினா தோள் கோவிச்சுக்கும்னு சொல்லி அவங்களே சிரிச்சாங்க.”

“அன்னைக்கு எடுத்த படம் ஏதாவது இருக்குமா?”

“டெமோ பீஸ்தானே, யாரு அழிக்கிறா?” கடைக்காரர் தடிக் கேமராவை எடுத்துப் பட்டனை அமுக்கிக்கொண்டே பின்னால் போனார். மின்விசிறி, கடிகாரம், யாரோ ஒரு குழந்தையின் ஓட்டைப் பல். ஒவ்வொன்று தாண்டும்போதும் அடுத்தது அவளாக இருக்கட்டும் என்று அவன் வேண்டிக்கொண்டான்.

“இந்தாங்க. மேடம் எடுத்தது இதுலேர்ந்து.”

கடை வாசலிலிருந்து எடுத்த தெரு. எதிர்ப்பக்கம் பேருந்து நிறுத்தம். தூணோரம் நகத்தளவில் ஓர் ஆள்.

அடுத்ததில் ஆள் வளர்ந்தான். அதற்கடுத்ததில் அவன் தோளில் தொங்கும் கேமரா தெரிந்தது.

அவனேதான்.

ஏரியிலிருந்து திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. தைக்கக் கொடுத்த துணியை வாங்கிவிட்டு ஒரு நொடியில் வருவதாகச் சொல்லிப் போனாள். இந்தப் பக்கம் எத்தனையோ கடைகள். இங்கே நுழைவாள் என்று அவன் கண்டானா?

அடுத்ததும் அவன் முகம். கடுகடுவென்று இருந்தது. அதற்கடுத்ததிலும் கடுகடு. கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். உதட்டைக் கடிக்கிறான். ஜூம் எப்படி என்று பார்க்க இரண்டு படம் போதாதா? அவள் விடாமல் எடுத்திருந்தாள்.

கடைசிப் படத்தில் அவன் அண்ணாந்திருந்தான். கம்பியில் ஏதோ குருவி வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வாய் லேசாகத் திறந்து, கண் சுருங்க, சின்னப் பையன் போலச் சிரித்துக்கொண்டிருந்தான். இமை முடிகூடத் தெளிவாக விழுந்திருந்தது. தன் முகம் அப்படியும் இருக்கும் என்பதே அவனுக்குத் தெரியாது.

அதோடு அவள் நிறுத்திவிட்டாள்.

பறவை முகம் காட்டுகிற வரைக்கும் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று ஏரிக்கரையில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான்.

ஒன்று விடாமல் மறுபடியும் பார்த்தான். அவள் எதிலும் இல்லை. முழங்கைகூட இல்லை.

“மேடம் வரலையா சார்? எது வேணும்னு அவங்களையே கேட்டுடலாமே.”

அவன் கேமராவைக் கீழே வைக்காமல் எதிரே இருந்த நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றைக்கு அவள் வெறுங்கையோடு தெருவைத் தாண்டி ஓடி வந்தாள்.

“உனக்காகக் காத்து நின்னே என் ஆயுசு முடிஞ்சிடும் போல” என்று அவன் எரிந்து விழுந்தான்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மூச்சு வாங்க, வெயில் முகத்தில் விழ, அவனையே பார்த்துச் சிரித்தாள். அப்படிச் சிரித்து அவன் அவளைப் பார்த்ததே இல்லை.

கேமரா அவன் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.