ஓட்டிவிட்ட சீன்

"எதுக்கு ஓட்டுறீங்க?"

பெரியவ கேட்ட தோரணையில, சித்தி கையில இருந்த பட்டாணி உருண்டு சோபாவுக்கு அடியில ஓடிப்போச்சு.

டிவியில முள்ளம்பன்றிக் குடும்பம் ஒண்ணு ஆத்தங்கரைக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு. அப்பா, அம்மா, ஒரு குட்டி. வெள்ளம் வர்ற நேரம் பார்த்து சித்தி ரிமோட்டை எடுத்து ஒரே அமுக்கு. அடுத்த நொடி வெள்ளம் வடிஞ்சு, அப்பாவும் குட்டியும் மட்டும் மரத்தடியில உக்காந்திருந்தாங்க.

"நடுவுல ஒண்ணுமில்லம்மா. வெறும் தண்ணி," சித்தி சொன்னாங்க.

"வெறும் தண்ணியா? அப்ப அம்மா முள்ளம்பன்றி எங்க போச்சு?"

தரையில உக்காந்திருந்த சித்தி அடுத்த பட்டாணியை உரிச்சாங்க.

பெரியவ சட்டம் படிக்கிறா. லீவுக்கு ஹாஸ்டல்ல இருந்து வந்தா, செருப்பை வாசல்ல விட்டுட்டு வழக்கை மட்டும் உள்ள எடுத்துட்டு வருவா. போன தடவை, அம்மாவோட தையல் மெஷின் எப்படி ஜன்னல் பக்கம் நகர்ந்துச்சுன்னு நாள் முழுக்க விசாரணை. அதுக்கு முந்தி, அம்மா கப்புல யார் காபி குடிச்சதுன்னு. ரெண்டுலயும் சித்தி வாயே திறக்கல. இந்தத் தடவை கையும் களவுமா சிக்கிட்டாங்க.

"போன லீவுலயும் இதே இடத்துல ஓட்டுனீங்க. நான் கவனிச்சுக்கிட்டுதான் இருக்கேன். அம்மான்னு ஒருத்தி இந்த வீட்டுல செத்துப்போனதே இவளுக்குத் தெரியக்கூடாது. அதானே?"

'இவ'ங்கிறது தங்கச்சி. ரெண்டாம் வகுப்பு. வீட்டுல எல்லாரும் வாலுன்னுதான் கூப்பிடுவாங்க. தரையில குப்புறப் படுத்துக்கிட்டு ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டு இருந்தா.

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"பின்ன எப்படி? அம்மா போனப்ப இவளுக்கு மூணு வயசு. முகம்கூட சரியா ஞாபகம் இருக்காது. இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் துடைச்சுடுங்க. அந்த இடம் காலியானாத்தானே நீங்க வந்து உக்கார முடியும்?"

மாடியில துணி காயப் போட்டுட்டு அப்பா காலி வாளியோட உள்ள வந்தார். பெரியவ குரலைக் கேட்டதும், எதையோ மறந்துட்ட மாதிரி தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வந்த வழியே திரும்பிட்டார்.

"பாருங்க. முக்கிய சாட்சி தப்பிச்சு ஓடுது."

வாலு களுக்குன்னு சிரிச்சா.

"நீ சிரிக்காதே. உனக்காகத்தான்டி தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன்."

"சண்டை வேணாம்மா," சித்தி மெதுவா சொன்னாங்க. "இனிமே சிரிப்பு வர்ற இடம்தான். அதைப் பார்ப்போமே."

"சிரிப்பு மட்டும் வேணும், அழுகை வேணாம். நல்ல நியாயம். அம்மா போனது தெரியாம அந்த அப்பா பண்ற கோமாளித்தனத்தைப் பார்த்தா கிறுக்கு மாதிரில்ல இருக்கும்? ரிமோட்டைக் குடுங்க."

"சொன்னாக் கேளும்மா."

"குடுங்க."

சித்தி வாலுவைப் பார்த்தாங்க. வாலு சித்தியைப் பார்த்தா. ரிமோட் கை மாறுச்சு.

படம் பின்னாடி போச்சு. வெள்ளம் வந்துச்சு. அம்மா முள்ளம்பன்றி குட்டியை மூக்கால முட்டி முட்டிக் கரையேத்துச்சு. அம்மாவால ஏற முடியல. ஒரு வேரைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குச்சு.

"நல்லாப் பார்த்துக்கோ," வழக்கு ஜெயிச்ச குரல்ல பெரியவ சொன்னா. "இதைத்தான் உன் கண்ணுல காட்டாம மறைச்சு வெச்சிருந்தாங்க."

அம்மா முள்ளம்பன்றி வாயைத் திறந்துச்சு. அது பேசப் பேச, தரையில இருந்து இன்னொரு குரலும் கூடவே பேசுச்சு.

"அப்பாவுக்குக் கட்டிப்பிடிக்கத் தெரியாது. முள்ளு குத்திடும்னு பயப்படுவார். நீதான் கிட்டப் போகணும். முதல்ல வலிக்கும். அப்புறம் பழகிடும்."

வாலுதான். ஒரு வார்த்தை பிசகல. அது மூச்சு வாங்கின இடத்துல இவளும் மூச்சு வாங்கினா.

பார்க்காத சீன் எப்படிடி மனப்பாடம் ஆச்சுன்னு கேக்க வாயெடுத்தா பெரியவ. கண்ணு டிவியை விட்டு நகரல. அம்மா செத்த அன்னைக்கு, வந்தவங்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கிட்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாம நின்னவ அவ. இப்ப வேர் அறுந்து அந்த முள்ளம்பன்றி தண்ணியோட போறப்ப உதட்டைக் கடிச்சா. அழுகை நிக்கல. இன்னும் அழுத்திக் கடிச்சா. கேவல் வெடிச்சு வந்துடுச்சு.

சித்தி பட்டாணித் தட்டைத் தள்ளி வெச்சுட்டு நகர்ந்து பக்கத்துல வந்தாங்க. தொடல. வந்து உக்காந்தாங்க, அவ்வளவுதான்.

வாலு எழுந்து போய் ஒரு துண்டை எடுத்துட்டு வந்து அக்கா மடியில வெச்சா. எத்தனையோ தடவை செஞ்சு பழகின வேலை மாதிரி.

"அழுதுக்கோக்கா. இப்ப அந்த அப்பா குட்டியைக் கட்டிப்பிடிக்கப் போய், தடுக்கி விழுந்து, முதுகு பூரா காளான் குத்திக்கிட்டு நிப்பாரு. சிரிப்பு வந்துடும். எங்களுக்கு எப்பவும் வந்துடும்."

"எங்களுக்குன்னா?" துண்டுக்குள்ள இருந்து கேட்டா பெரியவ.

"எனக்கும் சித்திக்கும். நீ ஹாஸ்டல்ல இருக்கிறப்ப முழுசாத்தான் பார்ப்போம். சோபாவுல அம்மா உக்கார்ற மூலையை விட்டுட்டு, கீழ உக்காந்து. நல்லா அழுவோம். அப்புறம் நல்லா சிரிப்போம்."

சொல்லலாமா கூடாதான்னு வாலு சித்தி முகத்தை ஒரு தடவை பார்த்தா. அப்புறம் சொல்லிட்டா.

"நீ வந்தா மட்டும்தான் ஓட்டணும். 'உங்க அக்கா இன்னும் அழவே இல்லடி, இதெல்லாம் பார்த்தா அவளுக்குத் தாங்காது'ன்னு சித்தி சொல்லியிருக்காங்க."