லகோண்டா விற்பனைக்கு

பழைய கார்கள் சேகரிக்கும் ராமதுரை, பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து திருமயத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்கு வந்திருந்தார்.

“1935 மாடல் லகோண்டா. இருபத்து மூணு வருஷமாச்சு. இன்ஜின் ஓடுதா?”

“தினமும் காலையில ரெண்டு மணி நேரம் ஓடுதுங்க” என்றார் வயிரவன் செட்டியார்.

“சக்கரமெல்லாம்?”

“நேத்துக்கூடச் சந்தைக்குப் போயிட்டு வந்துச்சு.”

ராமதுரைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வயிரவன் ஷெட்டைத் திறந்தார். பச்சை நிற பாடி பளபளத்தது. ஆனால் அது செங்கல் அடுக்கின் மேல் நின்றது. பானெட்டுக்குள் ஒன்றுமே இல்லை.

“எங்கப்பா, அப்பச்சி போனதும் பிள்ளைங்க மூணு பேரும் பாகம் பிரிச்சோம். யாரும் விட்டுக்கொடுக்கலை. பாடி எனக்கு. இன்ஜின் பெரிய தம்பிக்கு, அவன் கெணத்துல தண்ணி எறைக்குது. சக்கரம் நாலும் சின்னவனுக்கு, ரெண்டு மாட்டு வண்டிக்கு ஆச்சு.”

“அப்புறம் எதுக்குங்க விளம்பரம் குடுத்தீங்க?”

வயிரவன் பாடியின் மேலிருந்த தூசியைத் துண்டால் துடைத்தார்.

“தம்பிங்க எங்கிட்டப் பேசி ஏழு வருஷமாச்சுங்க. மூணு பேரும் ஒண்ணா உக்காந்தாத்தான் வெலை பேச முடியும்னு நீங்க போயிச் சொல்லுங்க. மத்தியானத்துக்கு நாலு எலை போடச் சொல்லியிருக்கேன்.”