மணிக்கட்டைக் கொடுங்கள்

“செருப்பைக் கழட்டிக் கையில வெச்சுக்கோ, கல்யாணப் பொண்ணே. அழகெல்லாம் கரைக்குப் போய்ப் பாத்துக்கலாம்.”

புதுப்பெண் தன் கணவனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். என் குரலுக்கு யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பாதி ஆயுளைப் பேருந்தில் நடத்துநராகக் கழித்தவள் நான். ஆட்களை ஏற்றுவதும் இறக்குவதும் எனக்குக் கைவந்த கலை.

குதிகால் செருப்பு கழன்றது.

படகில் என்னைத் தவிர எல்லோரும் எரிமலை பார்க்க வந்தவர்கள். படகுக்காரர் சும்மா இருக்க, வழி நெடுக என்னிடம்தான் சந்தேகம் கேட்டார்கள். நானும் சளைக்கவில்லை.

பெரிய கப்பல் எதுவும் இந்தத் தீவுக்கு வராது என்றேன். துறைமுகத்தில் விசாரித்தால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அதையெல்லாம் காதில் வாங்கக் கூடாது, மீன் ஏலம் போடும் கொட்டகைக்குப் பின்னால் தபால் படகு நிற்கும், அதில்தான் வர வேண்டும் என்றேன். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் சாப்பிட்டதெல்லாம் மீனுக்குத்தான் என்றேன். எங்களோடு வந்த பல் டாக்டர் அதற்குள் மீனுக்குக் கொடுத்து முடித்திருந்தார்.

எனக்கும் இன்று ஒரு தவிப்பு இருந்தது. தீவில் என் மகள் இருக்கிறாள், பேத்தி இருக்கிறாள். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். இனிமேல் இடுப்பில் நிற்க மாட்டாள், இறங்கி ஓடத்தான் பார்ப்பாள், அலை அடிக்கிற பாறைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்று மகள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். அந்தத் தத்தக்கா பித்தக்கா நடையைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

கறுப்பு மலை கிட்டே வந்தது. உச்சியில் புகை. காற்றில் தீக்குச்சி கிழித்த வாடை.

தீவில் படகுத்துறை கிடையாது. எரிமலைக் குழம்பு கடலில் விழுந்து இறுகிப்போன பாறைதான் துறை. அதன் விளிம்பில் ஓர் ஆள் நிற்பார். ஒரு கை பாறையில் அடித்த இரும்பு வளையத்தைப் பிடித்திருக்கும், மறு கை படகை நோக்கி நீண்டிருக்கும். படகு அலையோடு ஏறும், இறங்கும். மேலே ஏறி நிற்கிற அந்த ஒரு நொடியில் தாண்ட வேண்டும். அவர் பிடித்து இழுத்துக்கொள்வார். அவ்வளவுதான் விஷயம்.

அவ்வளவுதான் என்று நான் சொல்லி முடித்ததும் பல் டாக்டர், தான் படகிலேயே இருந்துவிடுவதாகச் சொன்னார்.

விடுவேனா? தண்ணீரைப் பார்க்காதீர்கள், அந்தக் கையை மட்டும் பாருங்கள் என்றேன். விரலைக் கொடுத்தால் வழுக்கும், மணிக்கட்டைக் கொடுங்கள். ஒருவரைக்கூட அந்தக் கை தவறவிட்டு நான் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

“இப்போ!” என்று கத்தினேன். புதுப்பெண் பறந்தாள். அவள் பின்னாலேயே கணவன். பல் டாக்டர் கடவுளையெல்லாம் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு தாண்டி, பாறையில் நின்றதும் என்னைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள்.

நானும் படகுக்காரரும்தான் மிச்சம்.

அவர் வழக்கம்போல என் பையை வாங்கிப் பாறையை நோக்கி நீட்டினார். பேத்திக்கு இரண்டு கவுன், மகளுக்கு இருமல் மருந்து. பை கைமாறும், படகு திரும்பும். எப்போதும் அப்படித்தான்.

பாறையில் நின்றவன் பையை வாங்கவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

“பை கெடக்கட்டும். நீங்க வாங்க, அத்தை.”

என்னை அத்தை என்று கூப்பிட உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் உறவு உண்டு. அப்படிக் கூப்பிட நான் இதுவரை இடம் கொடுத்ததில்லை. குமுறுகிற மலையடியில் குடியிருக்கிறவனுக்கா என் பெண் என்று அவர்கள் கல்யாணத்துக்கே போகாதவள் நான். மாதம் தவறாமல் வருவேன். மகள் குழந்தையோடு பாறைக்கு வந்து நிற்பாள். படகில் உட்கார்ந்தபடியே கண் நிறையப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். கரையில் கால் வைக்க வேண்டுமானால் அவன் கையைப் பிடித்தாக வேண்டும். இந்தத் தீவுக்கு வேறு வழி கிடையாது.

என் வாயே எனக்குச் சத்துருவாகிவிட்டது. ஊரையே நம்பச் சொன்ன கையை நான் எந்த முகத்தோடு வேண்டாம் என்பேன்?

பாறை மேலிருந்து பல் டாக்டர் கத்தினார். “தண்ணியப் பாக்காதீங்கம்மா!”

எனக்கே பாடம். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தோடு செருப்பைக் கழட்டிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன், படகு மேலே ஏறியது, தாண்டினேன்.

பிடித்து நிறுத்தியவன் உடனே கையை விடவில்லை. வளையத்தை விட்ட மறு கையால் என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். வெறும் பாதத்துக்குக் கீழே பாறை வெதுவெதுவென்று இருந்தது. அது சூடாக இருக்கும் என்று இத்தனை நாளும் எனக்குத் தெரியாது.

பாறைக்கு மேலே பாதைகள் பிரிந்து பிரிந்து போயின. எதுவும் நான் அறிந்த பாதை இல்லை. புதுப்பெண்ணும் மற்றவர்களும், நான் எந்தப் பக்கம் கை காட்டுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

“வீடு எந்தப் பக்கம், மாப்பிள்ளை? முன்னால நடங்க, நான் வரேன்.”